பாண்டி பஜார் பாண்டிச்சேரியில் இல்லை

என் சித்தியின் கைப்பேசியில் குரோம் சிரிக்கிறது. உவமைக்காகச் சொல்லவில்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் குரோமைத் திறந்தால் ஓரத்தில் ஒரு சிறு கட்டம் இருக்கும். எத்தனை பக்கங்கள் திறந்து கிடக்கின்றன என்ற கணக்கு அதற்குள் தெரியும். 99-ஐத் தாண்டிவிட்டால் அது எண்ணுவதை நிறுத்திவிடும். ஒரு முக்காற்புள்ளியையும் ஆங்கில 'டி'யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, படுத்துக்கொண்டு சிரிக்கும் முகம் ஒன்றைக் காட்டும். எழுதிய பொறியாளர்களில் யாருடைய குறும்போ. "ஏம்ப்பா, இது என்னைப் பாத்து ஏன் சிரிக்குது?" என்று சித்தி கேட்டபோதுதான் அதைக் கவனித்தேன். அவர் எதையும் மூடியதே இல்லை. ஒரு பக்கத்தை மூட முடியும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

சித்திக்கு 66 வயது. திருவாரூர்ப் பக்கம் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். அரிசி, பருப்பு, முட்டைக் கணக்கை ஆண்டுக்கணக்கில் பிசகாமல் எழுதியவர். மகன் வாங்கிக் கொடுத்த தொடுதிரைக் கைப்பேசியையும் அதே ஒழுங்கோடுதான் அணுகினார்: 40 பக்க நோட்டு ஒன்று போட்டார். பேரன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். கரண்ட் பில்லுக்கு ஒரு பக்கம், பட்டா பார்க்க ஒரு பக்கம், பேங்க் கஸ்டமர் கேருக்கு ஒரு பக்கம். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தொடங்கும். 'கலர் வளையலைத் தொடவும்.' குரோமின் சின்னம் அவருக்கு வளையல். திரையின் மேல்மூலையில் இருக்கும் மூன்று புள்ளி, கோலப்புள்ளி. பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டிருந்தால் 'செக்கு சுத்துது.'

இந்தப் பெயர்களைக் கேட்டபோது எனக்கு கல்காஜி நினைவுக்கு வந்தது. 1999-ல் தில்லி கல்காஜியில், தான் வேலை பார்த்த நிறுவனத்தின் சுற்றுச்சுவரில் ஓட்டை போட்டு, பக்கத்துக் குடிசைப் பகுதிப் பிள்ளைகள் தொடும்படி ஒரு கணினியைப் பதித்து வைத்தார் சுகதா மித்ரா. இணைய இணைப்பும் உண்டு. கற்றுக்கொடுக்க ஆள்தான் இல்லை. பிள்ளைகள் தாமாகவே உலாவியைப் பிடித்துக்கொண்டார்கள். திரையில் நகரும் அம்புக்குறிக்கு 'சூயி' என்று பெயர் வைத்தார்கள், ஊசி. காத்திருக்கச் சொல்லும் மணற்கடிகைக்கு 'டம்ரு', சிவன் கையில் இருக்கும் உடுக்கை. அந்தச் சோதனையைக் கொண்டாடியவர்களும் உண்டு. கொஞ்சம் பெரிய பையன்களே இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள், பெண் பிள்ளைகள் ஓரத்தில் நின்றார்கள் என்று நேரில் பார்த்துக் குறை சொன்னவர்களும் உண்டு. எப்படியானாலும், புதிய பொருளுக்கு அவர்கள் இட்ட பெயர்கள் எனக்குப் பிடிக்கும். ஒன்றுக்குத் தானே பெயர் வைப்பவர் அதைப் பாதி பழக்கிவிட்டார்.

ஆனால் சித்தியின் நோட்டில் ஒரு வரி இருந்தது. எல்லாச் சிக்கலும் அந்த வரியில்தான். 'மூணாவதா வர்ற நீல எழுத்தைத் தொடவும்.'

பேரன் சொல்லிக்கொடுத்த நாளில், வங்கியின் பெயரைப் போட்டுத் தேடியபோது, அசல் தளம் மூன்றாவதாக வந்திருக்கிறது. தேடல் முடிவுகள் ரேஷன் கடை வரிசை போல நின்ற இடத்தில் நிற்பவை அல்ல. நாளுக்கு நாள் மாறும், ஆளுக்கு ஆள் மாறும். காசு கொடுத்தவர் விளம்பரம் என்ற சிறு குறியோடு தலைமாட்டில் வந்து உட்காருவார். போன ஆண்டு ஒரு நாள் ஓய்வூதியம் கணக்கில் ஏறவில்லை என்று சித்தி நோட்டைத் திறந்தார். வளையலைத் தொட்டார், மூன்றாவதைத் தொட்டார். வந்த எண்ணைக் கூப்பிட்டார். மறுமுனையில் நல்ல தமிழில், மரியாதையாக ஒருவர் பேசினார். ஒரு செயலியை ஏற்றச் சொன்னார். அரை மணி நேரத்தில் ரூ.8,700 போய்விட்டது. சித்தி அதை எங்களிடம் சொல்ல 11 நாள் ஆயிற்று. பணம் போனதைவிட, பேரன் சொன்னபடி செய்யாமல் தானே எங்கோ தவறிவிட்டோம் என்ற வெட்கம். அவர் எங்கும் தவறவில்லை. நோட்டில் எழுதியிருந்தபடி அட்சரம் பிசகாமல் செய்திருந்தார்.

எட்டுப் பேருக்கும் குறைவு

கிராமத்து அறியாமை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 2009-ல் கூகுள் நிறுவனத்தார் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் நின்றுகொண்டு, போவோர் வருவோரில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களிடம் 'உலாவி என்றால் என்ன?' என்று கேட்டுப் படம் பிடித்தார்கள். சரியாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேருக்கும் குறைவு. பலர் சொன்ன பதில்: கூகுள். கேட்டவர்களே கூகுள்காரர்கள், அதற்கு முந்தைய ஆண்டுதான் குரோமை வெளியிட்டிருந்தார்கள் என்பது இதில் கொஞ்சம் வேடிக்கை.

அடுத்த ஆண்டு நடந்தது இன்னும் வேடிக்கை. 2010 பிப்ரவரியில் ரீட்ரைட்வெப் என்ற தொழில்நுட்பச் செய்தித்தளம், ஃபேஸ்புக்கின் உள்நுழைவு முறை பற்றி ஒரு கட்டுரை எழுதியது. 'ஃபேஸ்புக் லாகின்' என்று கூகுளில் தேடினால் அந்தக் கட்டுரை முதலிடத்தில் வரத் தொடங்கியது. அமெரிக்காவில் பல பேர் தினமும் அந்த இரண்டு சொற்களைத் தட்டி, முதலில் வருவதைத் தொட்டுத்தான் ஃபேஸ்புக்குக்குள் போய்க்கொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது. அவர்கள் வழக்கம்போல் தொட்டார்கள், கட்டுரைக்குள் விழுந்தார்கள், ஃபேஸ்புக் தன் முகப்பை மாற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். 'இந்தப் புதிய ஃபேஸ்புக் பிடிக்கவில்லை, பழையதைத் திருப்பிக் கொடுங்கள், எப்படி உள்ளே போவது' என்று அங்கேயே நூற்றுக்கணக்கில் புலம்பி எழுதினார்கள். 'இது ஃபேஸ்புக் அல்ல' என்று தளத்தார் கட்டுரை நடுவே கொட்டை எழுத்தில் அறிவிப்பே போட வேண்டியதாயிற்று. அவர்களிடமும் சித்தியின் நோட்டுதான் இருந்தது. 'முதலாவதாக வரும் நீல எழுத்தைத் தொடவும்.' அமெரிக்க நோட்டு, அவ்வளவே.

நான் கற்ற கதையும் இதைவிட மேலானதல்ல. 1995 ஆகஸ்ட் 15-ல் விஎஸ்என்எல் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. எங்கள் ஊருக்கு அது பிரவுசிங் சென்டராக வந்துசேரச் சில ஆண்டுகள் ஆயின. பிளைவுட் தடுப்பு, முழங்கால் இடிக்கும் மேசை, மணிக்கு 30 ரூபாய். அங்கிருந்த அண்ணன் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இரண்டே வாக்கியம். "அந்த நீல 'ஈ'யை ரெண்டு தட்டு தட்டு. யாஹூன்னு அடி." நெட் என்றால் நீல 'ஈ', உலகம் என்றால் யாஹூ. அந்த 'ஈ'க்கு இன்டர்நெட் எக்ஸ்புளோரர் என்று பெயர் இருப்பதும், அது ஒரு உலாவி என்பதும், வேறு உலாவிகள் இருப்பதும் தெரிய எனக்கு வெகுகாலம் பிடித்தது. 2022 ஜூன் 15-ல் மைக்ரோசாஃப்ட் அதற்கு மூடுவிழா நடத்தியபோது, 'நெட்டையே மூடப்போறாங்களாமே' என்று கேட்ட நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவரும் அந்த அண்ணனின் மாணவர்தான்.

தமிழில் படிப்பது அந்நாளில் தனி அவஸ்தை. ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு எழுத்துரு. அதை இறக்கிப் பதிக்காவிட்டால் தமிழ்ப் பக்கம் பூச்சி ஊர்ந்தது போல இருக்கும். சென்டர் கணினியில் எழுத்துருவைப் பதிக்க அண்ணன் விடமாட்டார், வைரஸ் வந்துவிடுமாம். 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் தரம் வகுத்தார்கள். 2010-ல், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது. இன்று சித்தி கைப்பேசியை வாயருகே வைத்துக்கொண்டு "பட்டா பாக்கணும்" என்று தமிழில் சொன்னால் தமிழில் பதில் வருகிறது. இது சின்னச் சாதனை அல்ல; எத்தனையோ தன்னார்வலர்கள் சம்பளமில்லாமல் செய்த வேலை இதற்கு அடியில் கிடக்கிறது. ஆனால் உலாவி தமிழுக்கு வந்த வேகத்தில், உலாவியைப் பற்றிய பாடம் தமிழுக்கு வரவில்லை.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் 'பிரவுஸ்' என்ற சொல்லின் பழைய பொருள், ஆடு போகிறபோக்கில் அங்கொரு தழை இங்கொரு கொழுந்து கடித்துக்கொண்டு போவது. நம்மவர்களும் 'நெட்டுல மேய்ஞ்சிட்டிருந்தேன்' என்று தாமாகவே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். புலவர்களோ 'உலாவி' என்று வைத்தார்கள். உலா என்றால் நமக்கு அரசன் யானைமேல் வீதி வருவது. ஆடு நாம்தான் என்பதால், எனக்கு முதல் சொல்தான் பொருத்தமாகப் படுகிறது. எங்கே மேய்கிறோம் என்று ஆட்டுக்குத் தெரியாது. யாருடைய கொல்லை என்று வேலியைப் பார்த்தால்தான் தெரியும்.

கடைசியில் என்ன ஊர்?

அந்த வேலிதான் முகவரிப் பட்டை. திரையின் ஓரத்தில், பெரும்பாலும் உச்சியில், நாம் ஏறிட்டே பார்க்காத அந்த ஒற்றை வரி. ஒரு பக்கத்தின் தலைப்பு, சின்னம், வண்ணம், முதலமைச்சர் படம், வங்கியின் முத்திரை எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம். அரை மணி நேர வேலை. முகவரியை மட்டும் அப்படி எடுத்து ஒட்டிக்கொள்ள முடியாது. ஆகவே உலாவியைக் கற்பது என்பது என்னைப் பொறுத்தவரை அந்த வரியைப் படிக்கக் கற்பதுதான். மற்றதெல்லாம் போகப் போகத் தானே வரும். கல்காஜிப் பிள்ளைகளுக்கு வந்தது போல, சித்திக்கு வந்தது போல.

அந்த வரியைக் கண்டால் மிரட்சி வருவதற்கு முதல் காரணம் அதன் தோற்றம். முன்னால் ஒரு 'எச்டிடிபிஎஸ்', ஒரு முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு. 1990-ல் சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வகத்தில் முதல் உலாவியை எழுதிய டிம் பெர்னர்ஸ்-லீ, அந்த இரட்டைச் சாய்கோட்டுக்கு அவசியமே இருக்கவில்லை என்று 2009-ல் ஒப்புக்கொண்டார். உலகம் முழுக்க எத்தனை விரல்கள் எத்தனை ஆண்டு அதை வீணாகத் தட்டின என்று எண்ணிப் பாருங்கள். இப்போதைய உலாவிகள் அந்த முன்பகுதியை மறைத்தே விடுகின்றன. நல்லது, அதை விட்டுவிடலாம்.

மீதியைப் படிக்கும் முறை தமிழர்களுக்குப் புதிதே அல்ல. அஞ்சல் உறையில் எப்படி எழுதுகிறோம்? கதவு எண், தெரு, ஊர், மாவட்டம், மாநிலம். சிறியதில் தொடங்கிப் பெரியதில் முடியும். இணைய முகவரியும் அப்படியே. முதல் ஒற்றைச் சாய்கோடு வரும் இடம் வரை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தத் துண்டைப் பின்னாலிருந்து படிக்க வேண்டும். கடைசியில் இருப்பதே ஊர். முன்னால் இருப்பவை எல்லாம் தெருப்பெயர், கதவு எண். தெருவுக்கு என்ன பெயர் வைப்பது என்பது சொந்தக்காரர் இஷ்டம். அரசு, வங்கி, தமிழ்நாடு, மின்வாரியம் என்று எதை வேண்டுமானாலும் அவர் அங்கே எழுதி வைக்கலாம், கேட்பாரில்லை.

இதைச் சித்திக்குச் சொல்லிப் பார்த்தேன். தலையாட்டினார், புரியவில்லை என்று தெரிந்தது. பிறகு கேட்டேன்: "சித்தி, பாண்டி பஜார் எங்க இருக்கு?"

"மெட்ராஸ்ல. தி.நகர்ல. உனக்குத் தெரியாதாக்கும்."

"பேர்ல பாண்டி இருக்கே?"

"பேர்ல இருந்தா? லெட்டர்ல கடைசில மெட்ராஸ்னுதானே போடுவாங்க."

பாடம் அங்கே முடிந்தது. அந்தக் கடைத்தெருவின் பெயர் சௌந்தரபாண்டியனாரிடமிருந்து வந்தது என்பார்கள். அது வேறு கதை. பெயரில் பாண்டி இருப்பதால் அது பாண்டிச்சேரி ஆகிவிடாது என்பது சித்திக்கு யாரும் சொல்லித் தர வேண்டிய விஷயமாக இருக்கவில்லை. முகவரியின் தொடக்கத்தில் தமிழ்நாடு என்று இருந்தால் அது தமிழ்நாடு அரசு ஆகிவிடாது என்பதும் அதே பாடம்தான். கடைசியில் 'ஜிஓவி டாட் இன்' என்று முடிந்தால் அரசு என்று உறுதி. அந்த முடிவை அரசு அமைப்புகள் அன்றி வேறெவரும் வாங்க முடியாது. 'ஜிஓவி-இன் டாட் காம்' என்று இருந்தால் அது பாண்டி பஜார்.

பூட்டை நம்பச் சொல்லி முன்பு நாமே பாடம் எடுத்தோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முகவரிக்குப் பக்கத்தில் சின்னப் பூட்டுப்படம் இருந்தால் பாதுகாப்பான தளம் என்று வகுப்புகளிலும் பத்திரிகைக் குறிப்புகளிலும் சொல்லப்பட்டது. நானும் எழுதியிருக்கிறேன். அந்தப் பூட்டின் பொருள், உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே போகும் செய்தியை நடுவில் யாரும் படிக்க முடியாது என்பது மட்டுமே. எதிர்முனையில் இருப்பவர் யோக்கியரா என்பதைப் பற்றி அது ஒன்றுமே சொல்வதில்லை. திருடனோடு ரகசியமாகப் பேசினாலும் பூட்டு தெரியும். 2021-ல் கூகுள் நடத்திய ஆய்வில் பங்கேற்றவர்களில் 11 சதவீதத்தினருக்கே அதன் சரியான பொருள் தெரிந்திருந்தது. 2023 செப்டம்பரில் குரோம் அந்தப் பூட்டையே எடுத்துவிட்டு வேறு குறி வைத்தது. பழைய குறிப்பேடுகளில் பூட்டு இன்னும் தொங்குகிறது.

மறைப்பவர்கள்

முகவரியைப் படியுங்கள் என்று சொல்வது எளிது. படிக்கவிடாமல் செய்பவர்கள் பலர் இருக்கிறார்கள். கைப்பேசித் திரை சின்னது. பக்கத்தை மேலே தள்ளியதும் முகவரிப் பட்டை ஒளிந்துகொள்ளும். நீளமான முகவரி பாதியில் வெட்டுப்படும். ஃபேஸ்புக் போன்ற செயலிகளில் வரும் லிங்க்கைத் தொட்டால், அவை உங்களை வெளியே அனுப்பாமல் தம் வீட்டுக்குள்ளேயே ஒரு சன்னலைத் திறந்து காட்டும். அது உலாவியா, செயலியா, எங்கே நிற்கிறோம் என்று எனக்கே சில நேரம் குழப்பம் வரும். அது தற்செயல் அல்ல. ஆள் வெளியே போனால் அவர்களுக்கு நஷ்டம்.

நிறுவனங்களும் பொதுமக்களுக்குத் தவறான பாடத்தையே நடத்திவந்திருக்கின்றன. அரசு சார்ந்த சேவைகளில் சிலவற்றின் கட்டணப் பக்கங்கள் அரசு முகவரியில் இல்லை. ரயில் டிக்கெட் எடுக்கும் தளம்கூட 'கோ டாட் இன்' என்றுதான் முடிகிறது. அந்த முடிவை நீங்களும் நானும் காசு கொடுத்து வாங்கலாம். வங்கிகள் ஒவ்வொன்றும் விதவிதமான முகவரி வைத்திருந்தன. கடனுக்கு ஒன்று, அட்டைக்கு ஒன்று, திருவிழாச் சலுகைக்கு இன்னொன்று. 'அதிகாரபூர்வத் தளத்தை மட்டும் பயன்படுத்துங்கள்' என்று குறுஞ்செய்தி அனுப்புவார்கள். எது அதிகாரபூர்வம் என்று அறியும் விதியைச் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் விதி என்று ஒன்று இருக்கவில்லை.

வங்கிகளைப் பொறுத்தவரை இப்போது அது இருக்கிறது. பல பேர் கவனிக்கவில்லை. 2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி, இந்திய வங்கிகளுக்கென்றே 'பேங்க் டாட் இன்' என்ற தனி முடிவை அறிவித்தது. ஏப்ரலில் சுற்றறிக்கை அனுப்பி, அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் அதற்கு மாற வேண்டும் என்றது. வங்கி அல்லாத யாரும் அந்த முடிவை வாங்க முடியாது. இணையப் பாதுகாப்பு பற்றி எத்தனையோ அறிவுரைகள் கேட்டிருக்கிறேன். ஒரு சாதாரணக் குடிமகன் மனப்பாடம் செய்து ஆயுசுக்கும் பயன்படுத்தக்கூடிய ஒற்றை வரி விதி இதுபோல் வேறில்லை. இதைப் பேருந்துகளின் பின்னால் எழுதியிருக்க வேண்டாமா? ஊராட்சிச் சுவர்களில், ரேஷன் கடைப் பலகையில், பாஸ்புக்கின் அட்டையில்? மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. சித்தியின் வங்கிக் கிளையில் கேட்டுப் பார்த்தேன். கவுன்டரில் இருந்தவர் "ஆமா, ஏதோ சர்க்குலர் வந்துது" என்றார்.

அரசு பாடமே நடத்தவில்லை என்றும் சொல்ல முடியாது. 2017-ல் மத்திய அரசு கிராமப்புற எண்மக் கல்வித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. வீட்டுக்கு ஒருவர் என்று 6 கோடிப் பேருக்கு 20 மணி நேரப் பயிற்சி. 2024 மார்ச்சில் திட்டம் முடிந்தபோது 6.39 கோடிப் பேர் பயிற்சி பெற்றதாக அரசு கூறியது. எண்ணிக்கை பெரிது, குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த 20 மணி நேரத்துக்குள் கருவியை இயக்குவது, இணையம், மின்னஞ்சல், அரசுச் சேவைகள், பணப்பரிமாற்றம் எல்லாம் அடங்க வேண்டும். அவ்வளவையும் ஓட்டிக் காட்டும் ஆசிரியர் என்ன செய்வார்? பேரன் செய்ததைத்தான். இதைத் தொடு, பிறகு அதைத் தொடு. தொட வேண்டிய இடம் அடுத்த புதுப்பிப்பில் மாறிவிடும். நோட்டு காலாவதியாகும். முகவரியைப் பின்னாலிருந்து படிக்கும் முறை மட்டும், பெர்னர்ஸ்-லீ காலத்திலிருந்து இன்றுவரை மாறவில்லை.

மொழி இன்னொரு சுவர். தமிழுக்கு இணையத்தில் ஒரு பெருமை இருக்கிறது, அதிகம் பேசப்படாதது. முகவரியின் கடைசியில் நிற்கும் ஊர்ப்பெயராகத் தமிழ் எழுத்து மூன்று நாடுகளுக்கு இருக்கிறது: '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்'. முகவரி முழுவதையும் தமிழிலேயே எழுத முடியும். ஆனால் நம் வீட்டில் யாரும் அப்படி ஒரு முகவரிக்குள் போனதில்லை. அரசுத் தளங்கள் உள்ளே தமிழ் பேசினாலும் வாசலில் ஆங்கிலப் பலகைதான். உள்ளே தமிழ் பேசும் பக்கத்திலும், நீங்கள் இயந்திரம் அல்ல என்று நிரூபிக்கக் கோணல்மாணலான ஆங்கில எழுத்துகளைப் படித்துத் தட்டச் சொல்வார்கள். தமிழ் மட்டும் அறிந்தவர் அந்த இடத்தில் மனிதர் கணக்கில் சேர மாட்டார்.

இதனால்தான் கைப்பேசி கையில் இருந்தும் கடைக்குப் போகிறார்கள். நிலத்தின் பட்டாவை அரசின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அதைப் பார்த்துச் சொல்லக் கடையில் காசு வாங்குகிறார்கள். 2018 முதல் பொறியியல் கலந்தாய்வு இணையவழிக்கு மாறியது. விருப்பக் கல்லூரிகளைப் பட்டியலிடும் அந்த ஒரு வாரத்தில் பிரவுசிங் சென்டர்களில் நிற்க இடம் இருக்காது. பிள்ளையின் நாலு வருஷப் படிப்பு, யாரோ ஒரு அண்ணனின் விரலில். கடவுச்சொல்லும் அவர் நோட்டில். பெரும்பாலான அண்ணன்கள் நல்லவர்கள், அதைச் சொல்லியாக வேண்டும். இந்த மாநிலத்தின் எண்ம நிர்வாகத்தில் பாதி அவர்கள் தோளில்தான் நிற்கிறது. ஆனாலும் கடையை விட்டு எழும்போது கணக்கிலிருந்து வெளியேறினோமா, கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று உலாவி கேட்டபோது வேண்டாம் என்று தொட்டோமா, இதையெல்லாம் கேட்க நம்மில் யாருக்கும் நாக்கு எழுவதில்லை. உதவி செய்தவரைச் சந்தேகப்படுவதாகத் தோன்றிவிடுமே என்ற கூச்சம்.

சித்தியிடம் திரும்புகிறேன். பாண்டி பஜார் பாடம் நடந்து நாலைந்து மாதம் ஆகியிருக்கும். ஒரு சாயங்காலம் தொலைபேசியில் அழைத்தார். கரண்ட் பில் கட்டவில்லை, இன்றிரவு ஒன்பதரைக்கு இணைப்பைத் துண்டித்துவிடுவோம் என்று மெசேஜ் வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் இந்தச் செய்தி வராத வீடு குறைவு. கீழே ஒரு லிங்க்.

"தொட்டீங்களா சித்தி?"

"இரு. படிக்கிறேன், கேளு." எழுத்துக்கூட்டினார். டி, என், ஈ, பி. ஒரு சின்னக் கோடு. பி, ஐ, எல், எல். புள்ளி. பிறகு கொஞ்சம் நிறுத்தி, "எக்ஸ், ஒய், ஜெட். இது என்ன ஊருப்பா?"

ஊரே இல்லை சித்தி, என்றேன். மெசேஜை அழித்தார்.

இதில் நான் வெட்கத்தோடு சேர்க்க வேண்டியது ஒன்று உண்டு. அதற்கு இரண்டு வாரம் முன்பு, கூரியர் பொட்டலம் பற்றி வந்த இதேபோன்ற லிங்க் ஒன்றை நான் தொட்டுவிட்டேன்; அட்டை எண்ணைப் பாதி தட்டிய பிறகுதான் உறைத்தது. ஆங்கிலம் சரளமாகப் படிப்பவன் எழுத்துகளைப் படிப்பதில்லை, சொல்லின் உருவத்தைப் பார்த்துத் தாண்டிப் போகிறான். 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டி வைத்தால் என் கண் 'எம்' என்றே படிக்கும். சித்தி ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படிக்கிறார். முட்டைக் கணக்கு பார்த்த விரல். எழுத்துக்கூட்டிப் படிப்பவரை இணையம் தெரியாதவர் என்று சொல்கிறோம். முகவரியைப் படிக்க அதைவிடச் சரியான முறை எனக்குத் தெரியவில்லை.

மித்ரா பிற்பாடு செய்த சோதனை ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். சுனாமியால் பாதிக்கப்பட்ட காளிக்குப்பம் என்ற தமிழ்ச் சிற்றூரில், பிள்ளைகளிடம் ஒரு கணினியையும் ஆங்கிலத்தில் மூலக்கூற்று உயிரியல் பாடங்களையும் கொடுத்துவிட்டுப் போனார். தாமாகவே முட்டி மோதி, சுமார் 30 சதவீத மதிப்பெண் எடுக்கும் அளவுக்குக் கற்றார்கள். அதற்குமேல் ஏற, அந்தப் பாடம் எதுவும் தெரியாத ஓர் இளம்பெண்ணைத் துணைக்கு வைத்தார். அவருக்குக் கொடுத்த ஒரே வேலை, பாட்டி செய்வதைச் செய்வது: பின்னால் நின்று, 'அட, இது எப்படிடா வந்துது, எனக்கும் காட்டு' என்று வியப்பது. மதிப்பெண் 50-க்கு ஏறியது. பிள்ளைகளுக்குப் பாட்டி தேவைப்பட்டாள். இன்று பாட்டிகளுக்கு ஒரு பாட்டி தேவைப்படுகிறாள், நம் வீடுகளில் அந்த வேலைக்கு ஆளில்லை. 'குடும்மா, நானே பண்ணித் தர்றேன்' என்று பிடுங்கிக்கொள்ளும் கைகளே உண்டு. சித்தியின் பேரனும் ஒவ்வொரு முறையும் தானே தொட்டுக் காட்டிவிட்டுக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தவன்தான். நல்ல பிள்ளை. அவசரக்காரன்.

அடுத்த முறை உங்கள் அம்மாவோ மாமனாரோ கைப்பேசியை நீட்டி 'இது என்னன்னு பாரு' என்றால், தயவுசெய்து வாங்காதீர்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். உச்சியில் என்ன எழுதியிருக்கிறது என்று வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடம் ஆகும், ஆகட்டும். அப்படியும் பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணை அன்றே, அந்த மணி நேரத்திலேயே கூப்பிட வேண்டும், அதற்கு யாரிடமும் வெட்கப்பட வேண்டியதில்லை என்பதையும் சொல்லி வையுங்கள். நாங்கள் சித்திக்கு 11 நாள் தாமதமாகச் சொன்னோம்.